பறக்கும் தட்டும் மறைக்கும் அரசும்: காவலூர் மலையடிவாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வாணியம்பாடியில் இருக்கிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். நிலவில்லாத இரவுகளில் மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியை வைத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவது வழக்கம். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெரு நூலகத்தில் திரை கட்டி, தமிழில் டப்பிங் செய்யப்பட்ட வேற்றுக்கிரகப் படங்களைத் தொடர்ந்து காட்டினோம். அவற்றின் கதை ஏறத்தாழ ஒன்றேதான். ஒரு விஞ்ஞானி விண்ணிலிருந்து வரும் ஒரு குறிப்பை, அதாவது சிக்னலை, கண்டுபிடிக்கிறார், மேலதிகாரி அதை அழித்துவிடுகிறார், விஞ்ஞானிக்கு வேலை போகிறது. உயிருக்கு அஞ்சி ஓடும் அவர், படையெடுப்பு எப்போதோ தொடங்கிவிட்டது என்பதையும் அரசுக்கு அது முன்பே தெரியும் என்பதையும் கடைசியில் அறிந்துகொள்கிறார்.

படம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு அவர்களின் பெற்றோர் கேட்டார்கள். ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார், டீக்கடையில் பாய் கேட்டார். நம் பகுதிக்கென்றே சில கேள்விகள் இருக்கின்றன. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஜவ்வாது மலைமேல் காவலூரில் ஒரு பெரிய வானாய்வகம் இருப்பதும், 2016இல் நாட்றம்பள்ளியில் நடந்த துயரமும் அதற்குக் காரணம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிலாக எழுதியிருக்கிறேன்.

பறக்கும் தட்டு இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார்.

ஒரே வார்த்தையில் சொன்னால் தவறாகிவிடும். வானத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று பார்த்தவருக்குத் தெரியாமல் போவது உலகம் முழுவதும் நடக்கிறது. அந்த அளவில் ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்’ இருக்கிறது. ஆனால் ‘அடையாளம் தெரியாத’ என்பது பார்த்தவரின் நிலையைச் சொல்லும் சொல். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்வதில்லை. இருட்டில் கொல்லைப்புறத்தில் சத்தம் கேட்டால் ‘யாரோ’ என்கிறோம். அந்த ‘யாரோ’ பூனையாகவும் இருக்கலாம்.

அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை இத்தகைய 12,618 தகவல்களைத் தொகுத்தது. அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. மற்றவை விண்மீன், கோள், பலூன், விமானம் என்று தெளிந்துவிட்டன. மிஞ்சிய 701இல் ஒன்றுகூட வேற்றுக்கிரக ஊர்தி என்று நிறுவப்படவில்லை.

காவலூர் மலைமேல் என்னதான் செய்கிறார்கள்?

விண்மீன்களின் ஒளியைச் சேகரிக்கிறார்கள். ஆலங்காயத்தைத் தாண்டி மலையேறினால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் வேணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. வானியலாளர் வேணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, 1982இலேயே மறைந்துவிட்ட பாப்புவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். எங்களுக்கு அது வடாற்காடு மாவட்டமாக இருந்தது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, 2019இல் மூன்றாகப் பிரிந்தபின் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மலை மட்டும் அங்கேயே இருக்கிறது.

அந்த மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். மே மாத முன்னிரவில் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை விண்மீன் கூட்டத்தை உங்கள் மாடியிலிருந்தே பார்க்கலாம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அந்தப் பேறு இல்லை. 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ராஜமோகன் இந்த மலையிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர். எண் 4130. ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் பெயரைத் தாங்கி ஒரு பாறை சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை முதலில் கண்டது நம் மலை. பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, இதை எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை.

இரவில் அங்கே விளக்குப் போடக் கூடாதாமே. மறைக்க ஒன்றும் இல்லையென்றால் இருட்டு எதற்கு?

பல கோடி கோடி கிலோமீட்டர் கடந்து வரும் மங்கலான ஒளியைப் பிடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வண்டியின் முகப்பு விளக்கு எரிந்தால் அது கெட்டுவிடும். திரையரங்கில் விளக்கை அணைப்பதும் இதனால்தான். அது ரகசிய இடமும் அல்ல. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு நேரே போய்ப் பாருங்கள்.

படத்தில் வருவதுபோல வேற்றுக்கிரகத்துச் சத்தத்தைக் காவலூரில் கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார்களாமே?

காவலூரில் கேட்பதற்குக் கருவியே இல்லை. அங்கே உள்ளவை ஒளியைப் பிடிக்கும் தொலைநோக்கிகள். படங்களில் விஞ்ஞானி காதில் மாட்டிக்கொண்டு கேட்பது வானொலித் தொலைநோக்கியின் வேலை. நம் மாநிலத்தில் அது ஊட்டியில் இருக்கிறது. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்தக் கருவி 1970 முதல் இயங்குகிறது. அதுகூடச் சத்தத்தைக் கேட்பதில்லை. விண்வெளியில் காற்று இல்லாததால் சத்தம் பயணம் செய்யாது. வருவது வானொலி அலை, அதைக் கருவி எண்களாக எழுதிவைக்கிறது.

புரியாத குறிப்பு ஒன்று வந்ததே கிடையாதா என்றால், வந்திருக்கிறது. 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு வானொலித் தொலைநோக்கி 72 விநாடிகளுக்கு ஒரு வலுவான குறிப்பைப் பதிவு செய்தது. சில நாள் கழித்து அச்சுத்தாளில் அதைப் பார்த்த வானியலாளர் ஜெர்ரி ஏமன் வியப்புக்குறியோடு ஒரு சொல்லை ஓரத்தில் எழுதினார். மீண்டும் மீண்டும் தேடியும் அது திரும்ப வரவில்லை. அந்தத் தாளை யாரும் எரிக்கவில்லை. அதன் படம் உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

எங்கள் ஊர்மேல் முத்துமாலை மாதிரி விளக்குகள் வரிசையாகப் போயின. என் கண்ணால் பார்த்தேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் பார்த்தது உண்மை. 2019 மே மாதம் முதல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஸ்டார்லிங்க் என்ற இணையச் சேவைக்கான செயற்கைக்கோள்களைக் கொத்துக் கொத்தாக ஏவிவருகிறது. ஏவிய சில நாட்களுக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். முதல்முறை நானும் மாடியில் நின்று வாய்விட்டுக் கத்தினேன்.

நம் பகுதி வானத்தில் ஐயம் எழுப்பும் வேறு பொருள்களும் உண்டு. வேலூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். மாலையிலோ இரவிலோ ராக்கெட் ஏவினால் கிழக்கே தீப்பந்து எழும்புவதை இங்கிருந்தே காணலாம். அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் இருக்கிறது. நெடுந்தொலைவு கண்காணிக்கும் விமானங்களும் ஆளில்லா விமானங்களும் அங்கிருந்து பறக்கின்றன. ஆளில்லா விமானம் இரவில் திரும்பும்போது நாம் பழகிய பயணிகள் விமானம்போலத் தோன்றாது. ஹைதராபாத்திலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் மையம் விடும் மாபெரும் பலூன்களைத் தெலங்கானா கிராமங்களில் பறக்கும் தட்டு என்றே நினைத்திருக்கிறார்கள். என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெள்ளிக் கோளால் வந்தவைதான். மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ அசையாமல் பளிச்சென்று நிற்கும். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் நம்மோடு கூடவே வருவதுபோல் இருக்கும்.

நாட்றம்பள்ளியில் 2016இல் விழுந்தது என்ன? வானத்திலிருந்து வந்ததை மூடி மறைத்துவிட்டார்கள் என்கிறார்களே?

முதலில், அங்கே ஒரு மனிதர் இறந்தார். ஒரு பஸ் ஓட்டுநர், குடும்பத்தை நடத்திவந்தவர். கதை பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். 2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் சிறு பள்ளம் விழுந்தது, சிலர் காயமடைந்தார்கள். மறுநாளே, விண்கல் விழுந்து இறந்ததாக மாநில அரசின் அறிக்கை வந்தது. குடும்பத்துக்கு நிவாரணமும் அறிவிக்கப்பட்டது.

அறிவியலாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. வெளிவந்த படங்களைப் பார்த்த நாசா, இது நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பைப்போல இருக்கிறது என்றது. காரணம் எளியது. கைக்கு அடங்கும் அளவிலான விண்கல் காற்றில் உராய்ந்து வேகமிழந்து, மேலிருந்து போட்ட கல்லைப்போலத்தான் தரைக்கு வரும். வந்து வெடிக்காது. வெடிக்கும் அளவுக்குப் பெரியது வந்தால் ஊரே வானத்தில் பார்த்திருக்கும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் ஏறத்தாழ 20 மீட்டர் அளவுள்ள பாறை வெடித்தது. கண்ணாடி உடைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், எண்ணற்ற கார் கேமராக்களில் அதன் ஒளித்தடம் பதிவானது. நாட்றம்பள்ளி வானத்தில் அப்படி ஒரு தடம் பதிவாகவில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படங்களில் வானத்திலிருந்து வந்ததை அரசு மறைக்கும். இங்கே நடந்தது நேர்மாறு. வானத்திலிருந்து வந்ததாக உறுதிப்படாத ஒன்றை வந்ததாக அறிவித்தார்கள். சோதனை முடியும் முன்பே முடிவு வந்துவிட்டது. பிறகு அறிவியலாளர்கள் தயங்கியபோது, மக்கள் அந்தத் தயக்கத்தை மறைப்பு என்று புரிந்துகொண்டார்கள். ‘இன்னும் தெரியவில்லை, ஆராய்ந்து சொல்கிறோம்’ என்று முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி இத்தனை ஆண்டு உயிரோடு இருந்திராது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மறைப்பதால் பிறக்கும் வதந்திகளுக்குக் குறையாமல், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதாலும் பிறக்கின்றன.

அப்படியானால் அரசாங்கங்கள் எதையும் மறைப்பதே இல்லை என்கிறீர்களா, வாத்தியாரே?

மறைக்கின்றன, பாய். நன்றாகவே மறைக்கின்றன. எதை என்பதில்தான் படங்கள் தவறுகின்றன. அமெரிக்காவின் ராஸ்வெல் ஊரை எல்லாரும் சொல்வார்கள். 1947 ஜூலையில் ஒரு பண்ணையில் விசித்திரமான சிதைவுகள் கிடைத்தன. ராணுவ விமானதளமே ‘பறக்கும் தட்டு கிடைத்தது’ என்று அறிக்கை விட்டது. உடனே அதை மாற்றி, வானிலை பலூன் என்றார்கள். உண்மை 1994இல்தான் விமானப்படையின் அறிக்கையில் வந்தது. சோவியத்தின் அணுகுண்டுச் சோதனைகளை மேல்வானிலிருந்து உளவறிய விட்ட ரகசிய பலூன் வரிசை அது. ஆகவே மறைப்பு நடந்தது. மறைத்தது ஆயுதப் போட்டியின் ஒரு கருவியை. அங்கேயும் கதை தொடங்கியது ஓர் அவசர அறிக்கையில்தான். நாட்றம்பள்ளிக்குச் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள்.

‘ஏரியா 51’ என்ற நெவாடா பாலைவனத் தளமும் இப்படித்தான். 1955 முதல் யு-2 உளவு விமானத்தை அங்கே சோதித்தார்கள். பயணிகள் விமானங்கள் பறக்காத உயரத்தில் வெயில் பட்டு மின்னிய அதைப் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அப்படி ஒரு தளம் இருப்பதை அமெரிக்க உளவுத்துறையின் ஆவணம் 2013இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பல பத்தாண்டுகள் பொய் சொன்னவர்களை மக்கள் நம்பவில்லை என்றால் மக்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அமெரிக்க அதிகாரியே நாடாளுமன்றத்தில் வந்து சாட்சி சொன்னாரே, அதுவும் பொய்யா?

2023 ஜூலையில் டேவிட் கிரஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி, மனிதருடையதல்லாத ஊர்திகளை அரசு வைத்திருப்பதாக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். தாம் நேரில் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. பார்த்தவர்கள் தம்மிடம் சொன்னதாகச் சொன்னார். 2024 மார்ச்சில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அலுவலகம், அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அறிக்கை தந்தது. ‘அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்’ என்பீர்கள். முந்தைய பதிலைப் படித்த யாரும் அப்படிக் கேட்கத்தான் செய்வார்கள். அந்த அலுவலகத்தை நம்பச் சொல்லவில்லை. கிரஷ் சொன்னதற்கு ஒரு துண்டு உலோகமாவது சுதந்திரமான ஆய்வகத்தின் மேசைக்கு வரட்டும், நானும் நூலக வாசலில் வந்து கைதட்டுகிறேன்.

எல்லா நாடும் கூடிப் பேசி மறைத்தால் என்ன செய்வீர்கள்?

தரையில் நடப்பதைச் சுவர் கட்டி மறைக்கலாம். வானத்துக்குச் சுவர் இல்லை. இதற்கு எனக்குப் பிடித்த சான்று நம் மலையிலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தது. அதைப் பார்க்க அமெரிக்கர்கள் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடல்மேல் பறந்தார்கள். அதே இரவு காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பார்த்தார்கள். கோள் மறைக்கும் முன்பே விண்மீன் மின்னி மங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது இப்படித்தான் தெரிந்தது. விமானத்தில் இருந்தவர்கள் மறைக்க நினைத்திருந்தால், ஜவ்வாது மலையில் இருந்த தாளை என்ன செய்திருப்பார்கள்?

அரசு வானாய்வகங்களுக்கு வெளியிலிருந்தும் வானத்தைப் பார்க்கிறார்கள். வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்ததாக அறியப்பட்ட இரண்டாவது பொருளை 2019 ஆகஸ்ட் 30 அன்று கண்டவர் கென்னாடி போரிசோவ். தாமே செய்த தொலைநோக்கியில் பொழுதுபோக்காக வால்விண்மீன் தேடுபவர் அவர். அவர் வாயை எந்தக் கூட்டம் முன்கூட்டியே அடைத்திருக்கும்?

படத்தில் ஊரளவு கப்பல் வருகிறதே. மேகத்துக்குள் ஒளிந்து வந்தால் யாருக்குத் தெரியும்?

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 109 மீட்டர் நீளம், சுமார் 400 கிலோமீட்டர் உயரம். அதுவே வெள்ளிக் கோளுக்குப் போட்டியாக நம் ஊர் வானத்தைச் சில நிமிடத்தில் கடக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரிகிறது. 20 கிலோமீட்டர் அகலக் கப்பல் அதே உயரத்தில் தலைக்கு மேல் வந்தால் முழுநிலவைப்போல ஐந்தாறு மடங்கு அகலமாகத் தெரியும். வாணியம்பாடியில் மேகம் மூடியிருந்தாலும் பெங்களூரில் திறந்திருக்கும். அது நெருங்கும் முன்பே கண்ணில் படும் என்பதற்குக் கீழே வரும் அட்லஸ் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குகிறார்கள்?

படம் எடுப்பவர்கள் அங்கே இருப்பதால் என்பது பாதி விடை. அவர்களின் அச்சமும் அந்தக் கதைகளில் இருக்கிறது என்பது மறுபாதி. இரண்டாம் உலகப்போர் முடிந்து சோவியத்தோடு பனிப்போர் தொடங்கியபோது ‘நம்மிடையே பகைவன் நம்மைப்போலவே நடமாடுகிறான்’ என்ற பயம் பரவியிருந்தது. அது வேற்றுக்கிரகவாசியின் உருவம் எடுத்தது. எழுபதுகளில் வாட்டர்கேட் ஊழல் வெடித்து அதிபரே பதவி விலகியபின், பயம் சொந்த அரசின்மேல் திரும்பியது. படையெடுப்பும் அரசின் சதியும் ஒரே கதையில் சேர்ந்தது இப்படித்தான்.

நம் ஊரில் அந்தப் பயம் அப்படி இருக்கவில்லை. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வந்த ‘கலை அரசி’ படத்தில் வேறோர் உலகத்தார் பூமிக்கு வருகிறார்கள். நாட்டைப் பிடிக்க அல்ல, ஒரு பாடகியைத் தேடி. அவர்களிடம் அறிவியல் இருந்தது, இசை இல்லை. நம்மிடமிருந்து திருடத் தகுந்தது பாட்டுதான் என்று நினைத்த அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வர வேண்டும் என்றால் எவ்வளவு நாளாகும்?

சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1977இல் ஏவிய வாயேஜர்-1 விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அத்தனை தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும்.

அட்லஸ் என்று ஒன்று வந்ததே, அது கப்பல்தான், நாசா மறைக்கிறது என்று எல்லாருக்கும் செய்தி வந்ததே?

3ஐ/அட்லஸ் ஒரு வால்விண்மீன். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கி கண்டது. போரிசோவ் கண்டதற்கு அடுத்து, வெளியிலிருந்து வந்ததாக அறியப்பட்ட மூன்றாவது பொருள். கண்டபோது அது சூரியனிலிருந்து ஏறத்தாழ 67 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அத்தனை தொலைவில் வந்த பனிப்பாறையே சிக்கிக்கொண்டது என்றால், இயந்திரம் பூட்டிய பெருங்கப்பல் பதுங்கி வருவது எவ்வளவு கடினம் என்று எண்ணுங்கள். பூமிக்கு மிக நெருங்கிய நாளிலும் ஏறத்தாழ 27 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் போனது. சூரிய வெப்பத்தில் தூசியும் வாயுவும் விட்டது, வால்விண்மீன்கள் அப்படித்தான் செய்யும்.

என் மகன் படம் பார்த்துவிட்டு இரவில் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

இதைக் கேட்டவர் காட்பாடியிலிருந்து வந்த ஒரு தாய். ‘அதெல்லாம் பொய், தூங்கு’ என்று அடக்காதீர்கள், அம்மா. அவன் பயம் பொய்யில்லை. மாடிக்குக் கூட்டிப் போய்ப் பாய் விரித்துப் படுத்து, பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் மேலே பார்க்க விடுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் விண்மீன்கள் கூடிக்கொண்டே வரும். அவன் எண்ணத் தொடங்குவான்.

இந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாதா?

காட்டுங்கள். நான்தானே திரை கட்டினேன். ஒரு சாதாரண ஆய்வாளர், மேலதிகாரி ‘விடு’ என்று சொன்னபின்னும் விடாமல் ஆதாரத்தைத் தேடிப் போவதைப் பார்க்கும்போது என் உடல் இன்றும் சிலிர்க்கிறது. அறிவியலுக்கு வேண்டிய முதல் குணம் அது. ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நாயகன் கையில் என்ன ஆதாரம் இருந்தது, அதை வேறொருவர் சோதிக்க முடிந்ததா? எங்கள் நூலகத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘அவர் அந்தப் பதிவை ஏன் ஐந்து பிரதி எடுத்து ஐந்து ஊருக்கு அனுப்பவில்லை?’ என்று கேட்டாள். அன்று முழுவதும் எனக்கு மகிழ்ச்சி.

உண்மையிலேயே ஒரு குறிப்பு வந்தால் எங்களுக்கு எப்போது சொல்வார்கள்?

அதற்கு எழுதிவைத்த நடைமுறை இருக்கிறது. பன்னாட்டு விண்வெளியியல் கழகம் 1989இல் வகுத்தது. கண்டவர் முதலில் தன் கருவிப் பிழையா என்று பார்க்க வேண்டும், பிற வானாய்வகங்களைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும், பிறகு ஒளிவுமறைவின்றி உலகுக்கு அறிவிக்க வேண்டும். உலக நாடுகளைக் கலக்காமல் யாரும் பதில் அனுப்பக் கூடாது. இது சட்டம் அல்ல, அறிவியலாளர்கள் தங்களுக்குள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. உறுதிசெய்யும் அந்த இடைவெளியில் வதந்தி ஓடும். அதை மறைப்பு என்று எண்ணாமல் பொறுத்திருக்க நாம் பழக வேண்டும்.

விசித்திரமாக எதையாவது பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

கைபேசியைத் தேடும் முன் மணியைப் பாருங்கள். திசையை ஊர் அடையாளத்தோடு குறியுங்கள்: ஏலகிரிக்கு நேர்மேலே, ரத்தினகிரி பக்கம் என்பதுபோல. கையை நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. தொடுவானிலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணுங்கள். மின்னியதா, நேராகப் போனதா, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். இவ்வளவு இருந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அது என்னவென்று சொல்லிவிடலாம்.

தரையில் எதுவும் விழுந்திருந்தால் தொடாதீர்கள், தள்ளி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் வானத்திலிருந்து பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்தது. ராக்கெட்டின் பகுதி. கிராமத்தார் காவலர்களிடம் ஒப்படைத்தார்கள், இஸ்ரோ அறிவியலாளர்கள் வந்து பார்த்தார்கள்.

நீங்களும் அரசுச் சம்பளம் வாங்கியவர்தானே சார்? நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

பதினொன்றாம் வகுப்புத் தம்பி ஒருவன் எழுந்து நின்று கேட்டான். இதுவரை வந்தவற்றில் இதுவே சிறந்த கேள்வி. அத்தாட்சி ஒன்றும் இல்லை. என் சொல்லை நம்ப வேண்டாம்.

1972இல் வியாழனின் நிலவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த நிலவைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளத்தைக் காவலூரில் கண்டார்கள். ஏழாண்டுக்குப் பின் வாயேஜர் அருகில் போய்ப் பார்த்து, கணக்கிட்டதைவிட அது மிகமிக மெல்லியது என்று திருத்தியது. கண்டதும் திருத்தியதும் இரண்டும் பதிவில் இருக்கின்றன. அதே கனிமீடை நீ என் மாடியில் பார்க்கலாம், தம்பி. வியாழனுக்குப் பக்கத்தில் நான்கு புள்ளிகள் ஒரே கோட்டில் தெரியும். நாளைக்கு அவை எங்கெங்கே நிற்கும் என்று இன்றே ஒரு தாளில் வரைந்து, உறையில் போட்டு ஒட்டி உன்னிடம் தருகிறேன். மறுநாள் அதே நேரத்துக்கு வா. நீயே பார்த்து, நீயே வரைந்து, பிறகு உறையைப் பிரி. இரண்டும் ஒத்துவராவிட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களையும் அடித்துவிடு. பென்சிலை மறக்காமல் கொண்டு வா, மாடிப்படியில் விளக்கு இருக்காது.